போனை யார் எடுப்பது?

முகூர்த்த நாள், காலை ஏழரை மணி. மண்டபத்தில் முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. பரிமாற வரவேண்டியவர்களில் இரண்டு பேரைக் காணோம். சாம்பார் வாளியோடு கான்ட்ராக்டரே பந்திக்குள் இறங்குகிறார். சட்டைப் பையில் போன் அடிக்கிறது, புது நம்பர். எடுக்க வழியில்லை. மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு அந்த நம்பரைக் கூப்பிட்டால், "காலையிலயே வேற இடத்துல பேசி முடிச்சிட்டோம்ங்க" என்கிறார்கள்.

சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர்களுக்கு மட்டுமல்ல, பிளம்பருக்கும் பல் டாக்டருக்கும் பியூட்டி பார்லர் நடத்துகிறவருக்கும் இது பழகிய சங்கடம். கை வேலையில் இருக்கும்போதுதான் அடுத்த வேலைக்கான போன் வரும். இதைத் தெரிந்துகொண்டுதான் இப்போது கடை கடையாக ‘ஏ.ஐ. ரிசப்ஷனிஸ்ட்’ விற்க வருகிறார்கள். 24 மணி நேரமும் போனை எடுக்கும், தமிழில் பேசும், லீவு கேட்காது என்கிறார்கள். வாங்கலாமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? டீயைச் சொல்லிவிட்டு நிதானமாகப் பேசுவோம். உதாரணத்துக்குச் சமையல் கான்ட்ராக்ட் தொழிலையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் தொழில் எதுவோ, அதற்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயந்திரம் எவ்வளவு இனிமையாகப் பேசுகிறது என்று பார்த்து வாங்க வேண்டாம். தனக்குத் தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்கிறது என்று பார்த்து வாங்குங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

வரவேண்டிய போன் கைமாறிப் போகுமோ என்ற பயம் நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஈமச்சடங்கு ஏற்பாட்டுத் தொழில் நடத்தியவர் ஆல்மன் ஸ்ட்ரௌஜர். எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுக்கும் பெண் போட்டிக் கடைக்காரரின் மனைவி என்றும், தனக்கு வரும் போனையெல்லாம் அங்கே திருப்பிவிடுகிறார் என்று இவர் சந்தேகப்பட்டார் என்றும் ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு நிஜமோ, ஆள் இல்லாமலே இணைப்புக் கொடுக்கும் கருவிக்கு அவர் 1891-ல் காப்புரிமை வாங்கியது நிஜம். அவர் பெயரில் அமைந்த எக்ஸ்சேஞ்சுகள் இந்தியாவிலும் பல பத்தாண்டுகள் ஓடின. அன்றைக்கு இணைப்புக் கொடுக்கும் வேலை இயந்திரத்துக்குப் போனது. இன்றைக்குப் பேச்சையே அதன் கையில் கொடுக்கப் பார்க்கிறோம். பேச்சைக் கொடுப்பதென்றால் வாக்கையும் சேர்த்துக் கொடுப்பது. கவனம் தேவைப்படுவது அதனால்தான்.

உள்ளே நடப்பது என்ன?

ஒருவர் கூப்பிட்டு, "வர்ற தை பத்து கல்யாணம். முந்நூறு இலை வரும். என்ன ரேட் ஆகும்?" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பேச்சு பெரும்பாலும் வரிசையாக நான்கு கட்டங்களைத் தாண்டுகிறது. முதலில், போன் கம்பெனியின் லைன் வழியாகக் குரல் சேவை தருபவரின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. இரண்டாவதாக, ஒரு மென்பொருள் அந்தக் குரலைக் கேட்டு எழுத்தாக்குகிறது. மூன்றாவதாக, சாட்ஜிபிடி போன்ற ஒரு மொழி மாடல் அந்த எழுத்தைப் படித்துப் பதில் எழுதுகிறது. நான்காவதாக, இன்னொரு மென்பொருள் அந்தப் பதிலைக் குரலாக்கிப் பேசுகிறது. நான்கும் ஒரே கம்பெனியுடையதாக இருப்பது அபூர்வம். லைன் ஒருவருடையது, காது ஒருவருடையது, மூளை இன்னொருவருடையது. இவற்றை ஒட்டிச் சேர்த்து உங்களிடம் விற்பவர் வேறொருவர். ஏதாவது ஒன்று படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பது விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. "அப்போது அழைப்பு தானாக உங்கள் இரண்டாவது போனுக்குப் போய்விடும்" என்று அவர் சொல்ல வேண்டும். சொன்னால் போதாது, செய்து காட்டவும் வேண்டும்.

நான்கு கட்டங்களையும் தாண்ட நேரம் பிடிக்கும். மனிதர்கள் பேசிக்கொள்ளும்போது ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவில் சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வின் முடிவு இது. இயந்திரத்துக்கு அந்த வேகம் வராது. ஒரு விநாடி என்றால் நம் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டு விநாடி ஆனால் "ஹலோ... ஹலோ... கேக்குதுங்களா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்த ஹலோவைப் புதுக் கேள்வியாக எடுத்துக்கொண்டு இயந்திரம் முதலிலிருந்து தொடங்கினால் பேச்சு அங்கேயே சிக்கிவிடும். அதேபோல, இயந்திரம் பேசிக்கொண்டிருக்கும்போது நாம் குறுக்கே பேசினால் உடனே நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊரில் குறுக்கே பேசாமல் யாரும் போன் பேசுவதில்லை.

கேட்கும் திறனுக்கு வருவோம். விற்பவர் லேப்டாப்பில் போட்டுக் காட்டும் டெமோ எப்போதும் பளிச்சென்று இருக்கும். போன் லைனில் அந்தத் தெளிவு கிடையாது. பழைய தொலைபேசி முறையில் சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி மட்டும்தான் போகும். அதற்கு மேலும் கீழும் வெட்டுப்படும். இன்றைய மொபைலில் குரல் இன்னும் தெளிவாகக் கேட்டாலும், அழைப்பு ஃபார்வர்டு ஆகி நாலு கை மாறும்போது பெரும்பாலும் அந்தப் பழைய தரத்துக்கே இறங்கிவிடும். பின்னணியில் பஸ் ஹாரனோ நாதஸ்வரமோ இருந்தால் கேட்கவே வேண்டாம். "வெங்காயம் பூண்டு வேணாம்" என்றது "வேணும்" என்று பதிவானால், பந்தியில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே டெமோவை உங்கள் போனிலிருந்து, பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, நீங்களே போட்டுப் பாருங்கள்.

தமிழைப் பொறுத்தவரை நிலைமை முன்பைவிட எவ்வளவோ தேவலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸில் இயங்கும் ஏ.ஐ.4பாரத் ஆய்வகம் 22 இந்திய மொழிகளில் மக்கள் இயல்பாகப் பேசுவதைப் பதிவுசெய்து, எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டிருக்கிறது. மத்திய அரசின் பாஷிணி திட்டமும் 2022-லிருந்து இந்தத் துறையில் இருக்கிறது. அப்படியும் ‘தமிழ் பேசும்’ என்ற விளம்பரத்துக்குப் பின்னால் பல தரங்கள் இருக்கின்றன. சில சேவைகள் செய்தி வாசிப்பதுபோல் பேசும்; நாம் பேசுவது அவற்றுக்குப் பிடிபடாது. சோதிக்க வேண்டியது வணக்கம் சொல்லும் அழகை அல்ல, எண்ணையும் தேதியையும் பெயரையும். "முந்நூறு, முந்நூத்தம்பது வரும்" என்று சொல்லிப் பாருங்கள். "சாயங்காலம் ஆறு, ஆறரைக்கு", "நாளன்னிக்கு", "டபுள் எய்ட்" எல்லாவற்றையும் சொல்லிப் பாருங்கள். எழுபதும் எண்பதும் குழம்புகிறதா? உங்கள் ஊர் மண்டபத்தின் பெயரைச் சரியாகப் பிடிக்கிறதா?

தை பத்து என்பதே நல்ல சோதனை. பொங்கல் சில வருஷம் ஜனவரி 14, சில வருஷம் 15. ஆகவே தை பத்து ஜனவரி 23 ஆகவும் இருக்கலாம், 24 ஆகவும் இருக்கலாம். நல்ல சேவை அதைத் தானாக முடிவு செய்யாது. "இங்கிலீஷ் தேதி என்னங்க?" என்று திரும்பக் கேட்கும்.

தெரியாத கேள்வி வந்தால்

இனி நான் முதலில் சொன்ன விஷயம். அதே அழைப்பை இரண்டு சேவைகள் எப்படி எடுக்கும் என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டும் விளக்கத்துக்காக நான் எழுதியவை. முதலாவது:

"வணக்கம்! உங்கள் இல்ல விசேஷத்துக்கு எங்கள் வாழ்த்துகள்! நான் எப்படி உதவலாம்?"

"தை பத்து கல்யாணங்க. முந்நூறு இலை. இலைக்கு என்ன வரும்?"

"மிக்க மகிழ்ச்சி! எங்கள் முழுச் சாப்பாடு இலைக்கு 250 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. உங்கள் தேதியைப் பதிவு செய்துவிட்டேன். நன்றி!"

கேட்பவருக்கு இனிமையான பேச்சுதான். ஆனால் 250 எங்கிருந்து வந்தது? நீங்கள் கொடுத்த பழைய மெனு கார்டிலிருந்து வந்திருக்கலாம். அல்லது இடத்தை நிரப்ப மாடல் தானாக ஒரு தொகையைச் சொல்லியிருக்கலாம். மொழி மாடலின் வேலை, அடுத்து எந்தச் சொல் பொருத்தமாக வரும் என்று பார்த்து எழுதிக்கொண்டே போவது. தடுத்து நிறுத்தாவிட்டால், தெரியாத இடத்திலும் தெரிந்தது போலவே எழுதும். ‘பதிவு செய்துவிட்டேன்’ என்றது இன்னும் மோசம். அந்தத் தேதியில் நீங்கள் ஏற்கெனவே வேறு கல்யாணத்தை ஒப்புக்கொண்டிருந்தால்? வளர்பிறை முகூர்த்தம் ஒன்றுக்கு நாலு பேர் கேட்பார்கள். இயந்திரம் ஒரே நேரத்தில் நாலு பேரிடமும் பேசக்கூடியது. நாலு பேருக்குமே அதே தேதியைக் கொடுத்துவிடும்.

அப்படி இயந்திரம் சொன்ன வாக்குக்கு யார் பொறுப்பு? 2024 பிப்ரவரியில் கனடாவில் ஒரு தீர்ப்பாயம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. உறவினர் இறப்புக்காகப் பயணம் செய்பவர்களுக்கான கட்டணச் சலுகையை, பயணத்துக்குப் பிறகும் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஏர் கனடா இணையதளத்தில் இருந்த சாட்பாட் ஒரு பயணியிடம் தப்பாகச் சொல்லிவிட்டது. கம்பெனி பணம் தர மறுத்தது. அந்த சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்பதுபோலக்கூட வாதாடிப் பார்த்தது. தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. கம்பெனியின் இணையதளத்தில் எது இருந்தாலும் அதற்குக் கம்பெனியே பொறுப்பு என்று சொல்லி, வட்டியும் கட்டணமும் சேர்த்துச் சுமார் 812 கனடா டாலர் கொடுக்கச் சொன்னது. அது கனடா நாட்டுத் தீர்ப்பு. நம் ஊர்ச் சட்டம் வேறு. ஆனால் நம் ஊர்க் கல்யாண வீட்டில் இதற்குத் தீர்ப்பாயமே தேவைப்படாது. "உங்க ஆளுதானே 250-ன்னு சொன்னாங்க?" என்று சம்பந்தி கேட்டால், அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இரண்டாவது சேவை:

"வணக்கம்ங்க. மாஸ்டர் இப்ப ஒரு வேலையில இருக்கார். நான் கம்ப்யூட்டர் உதவியாளர். நீங்க சொல்றதைப் பதிவு பண்ணி அவர்கிட்ட சேர்த்துடுவேன். என்ன விஷயமா கூப்பிட்டீங்க?"

"கல்யாணங்க, தை பத்து."

"சரிங்க. இங்கிலீஷ் தேதி என்னங்க?"

"ஜனவரி இருபத்துநாலு."

"ஜனவரி 24. எத்தனை இலை வரும்ங்க? எந்த ஊர், எந்த மண்டபம்?"

அவர் எல்லாம் சொல்லிவிட்டு, "இலைக்கு என்ன ரேட்?" என்கிறார்.

"ரேட் மெனுவைப் பொறுத்து மாஸ்டர்தான் சொல்லணும்ங்க. தேதி காலியா இருக்கான்னும் அவர்தான் உறுதி பண்ணணும். மதியம் மூணு மணிக்குள்ள கூப்பிடச் சொல்றேன். இதே நம்பருக்குக் கூப்பிடலாமா?"

அழைப்பு முடிந்த ஒரு நிமிஷத்துக்குள் உங்கள் வாட்ஸ்ஆப்பில் நாலு வரி வந்து நிற்கிறது: கல்யாணம், ஜனவரி 24, 300 இலை, மண்டபத்தின் பெயர், மூன்று மணிக்குள் கூப்பிடவும். பேசிய முழுப் பேச்சையும் ஒரு பக்கத்துக்கு எழுத்தாக அனுப்பினால் வேலை நடுவில் யாரும் படிக்க முடியாது. இந்த நாலு வரிதான் உங்களுக்கு வேண்டும். ஒன்று நினைவிருக்கட்டும்: மூன்று மணிக்குள் என்று இயந்திரம் சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டியது நீங்கள். முடியாத நாட்களுக்கு இரவு எட்டு மணி என்றே சொல்ல வையுங்கள்.

முதல் சேவையில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. எடுத்ததுமே வாழ்த்துச் சொல்லிவிடுகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாப்பாடு சொல்லக் கூப்பிட்டவர் காதில் அது எப்படி விழும்? சோதிக்கும்போது கட்டாயம் ஒரு முறை காரியச் சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுத்துப் பாருங்கள். அதற்குக்கூட "மிக்க மகிழ்ச்சி" என்று சொல்லும் சேவையை அதோடு விட்டுவிடலாம்.

தெரியாத கேள்வியிலும் மூன்று வகை உண்டு. விடை குறிப்பிலேயே இல்லாதது ஒன்று. "மண்டபத்துலயே சுடச்சுடத் தோசை போட்டுத் தருவீங்களா?" போல. அதைக் குறித்துக்கொண்டால் போதும். விடை உங்கள் முடிவைப் பொறுத்தது இன்னொன்று: ரேட், தேதி, தள்ளுபடி. இவற்றை எந்தச் சூழ்நிலையிலும் இயந்திரம் சொல்லக் கூடாது என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது, காத்திருக்க முடியாதது. "மணி பன்னெண்டு ஆச்சு, சாப்பாட்டு வண்டி இன்னும் வரலையே!" என்று இன்றைய விசேஷ வீட்டுக்காரர் கூப்பிடுகிறார். அவரிடம் போய்ப் பெயர், ஊர் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அந்த நொடியே உங்கள் இன்னொரு போனுக்கோ சூப்பர்வைசருக்கோ லைனை மாற்ற வேண்டும். மாற்றியதை யாரும் எடுக்கவில்லை என்றால் அடுத்து என்ன செய்யும் என்பதையும் கேட்டு வையுங்கள்.

எந்த அழைப்பைக் கொடுப்பது?

முதல் நாள் வேலைக்கு வந்த பையனிடம் கல்லாவைக் கொடுக்க மாட்டோம். தண்ணீர் வைக்கச் சொல்வோம். இங்கேயும் அதே வழிதான். எல்லா அழைப்புகளையும் இயந்திரத்துக்குத் திருப்பிவிடாதீர்கள். முதலில் உங்கள் போன் அடிக்கட்டும். நீங்கள் எடுக்காவிட்டால் மட்டும், அல்லது லைன் பிஸியாக இருந்தால் மட்டும் அழைப்பு அங்கே போகட்டும். போன் செட்டிங்கில் ‘கால் ஃபார்வர்டிங்’ பகுதியில் எல்லா அழைப்பு, எடுக்காத அழைப்பு, பிஸி, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று தனித்தனியாக இருக்கும். எத்தனை விநாடி அடித்த பிறகு மாற வேண்டும் என்பதையும் பல நெட்வொர்க்குகளில் 5 முதல் 30 விநாடி வரை வைக்கலாம். 15, 20 விநாடி வைப்பது நல்லது. அதற்கு மேல் காத்திருக்கும் பொறுமை பலருக்கு இருக்காது.

ஓர் எச்சரிக்கை. கால் ஃபார்வர்டிங்கை வைத்து மோசடி பெருகியதால், *401# போட்டு ஃபார்வர்டு செய்யும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஆகவே "இந்த நம்பரை டயல் பண்ணுங்க, நாங்க செட் பண்ணிடுவோம்" என்று யாராவது போனில் சொன்னால், உடனே செய்துவிடாதீர்கள். உங்கள் அழைப்புகளோடு வங்கி ஓ.டி.பி. அழைப்பும் வேறு கைக்குப் போய்விடும். செட்டிங்கில் நீங்களே செய்யுங்கள், அல்லது உங்கள் போன் கம்பெனியின் கடைக்குப் போய்ச் செய்துகொள்ளுங்கள். ஃபார்வர்டு ஆகும் நம்பர் இந்திய நம்பர்தானா என்றும் பாருங்கள். வெளிநாட்டு மென்பொருளை வாங்கி விற்பவர்கள் சிலர் வெளிநாட்டு நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு மிஸ்டு காலும் உங்கள் பில்லில் ஐ.எஸ்.டி. காலாக ஏறக்கூடும்.

நம்பர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. "நாங்களே புது நம்பர் தருகிறோம், விசிட்டிங் கார்டில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்பார்கள். வேண்டாம். வேனிலும் பேனரிலும் பத்து வருஷமாக இருக்கும் நம்பர் உங்களுடைய சொத்து. 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் வசதி இருக்கிறது. ஆனால் அது உங்கள் பெயரில் இருக்கும் நம்பருக்குத்தான். சேவை தருபவரின் நம்பரைப் பிரபலப்படுத்திவிட்டு, பிறகு அவரைப் பிடிக்கவில்லை என்று வெளியே வந்தால், வாடிக்கையாளர் அவரோடு நின்றுவிடுவார். கூப்பிடுகிறவரின் உண்மையான நம்பர் ஃபார்வர்டு ஆன பிறகும் சேவைக்குத் தெரிகிறதா என்பதையும் சோதியுங்கள். சிலவற்றில் எல்லா அழைப்பும் உங்கள் நம்பரிலிருந்தே வந்ததாகப் பதிவாகும். அப்புறம் யாரைத் திரும்பக் கூப்பிடுவது?

காசுக் கணக்கு

பெரும்பாலும் நிமிஷக் கணக்குதான். உதாரணத்துக்கு, நிமிஷத்துக்கு ரூ.5 என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் சொல்லப்பட்ட தொகையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 40 அழைப்பு, ஒவ்வொன்றும் 2 நிமிஷம், மாதம் 26 நாள். மொத்தம் 2,080 நிமிஷம், ரூ.10,400. அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.1,872 சேர்ந்தால் ரூ.12,272. நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் என்றால், அல்லது தொகுப்பு வரித் திட்டத்தில் இருந்தால், அந்த வரி திரும்ப வராது. கையை விட்டுப் போனதுதான். இதே சேவைக்கு நீங்கள் எடுக்காத 10 அழைப்புகளை மட்டும் அனுப்பினால் 520 நிமிஷம், வரியோடு ரூ.3,068. ஃபார்வர்டிங்கைச் சரியாக வைப்பதில் மட்டுமே இவ்வளவு வித்தியாசம்.

வரவைப் பாருங்கள். இலைக்கு 30 ரூபாய் கையில் நிற்கும் தொழில் என்றால், முந்நூறு இலை ஆர்டர் ஒன்று ரூ.9,000 தரும். மாதத்துக்கு ஒரே ஓர் ஆர்டர் கைநழுவாமல் வந்தாலும் ரூ.3,068 செலவு தாங்கும். ரூ.12,272 தாங்காது. அந்தத் தொகைக்கு உங்கள் ஊரில் ஒருவரை அரை நாள் வேலைக்கு வைக்க முடியும் என்றால், ஆளையே வையுங்கள். வாடிக்கையாளரின் முகம் தெரிந்த மனிதர், கோபத்தில் இருப்பவரைச் சமாதானம் செய்வதுபோல் இயந்திரம் செய்யாது.

பில்லில் மறைந்திருப்பவை சில. 61 விநாடிப் பேச்சை 2 நிமிஷமாக எடுத்துக்கொள்கிறார்களா? லைன் வாடகை, வாட்ஸ்ஆப் செய்திக் கட்டணம் எல்லாம் தனியா? இன்னொரு வேடிக்கையும் நடக்கும். "சார், லோன் வேணுமா?" என்று கூப்பிடும் இயந்திரத்திடம் உங்கள் இயந்திரம் பணிவாகப் பேசிக்கொண்டிருக்கும்; மீட்டர் உங்களுக்கு ஓடும். ஓர் அழைப்புக்கு அதிகபட்சம் இவ்வளவு நிமிஷம் என்ற வரம்பும், தொல்லை அழைப்பைத் தானாக வெட்டும் வசதியும் இருக்கிறதா என்று கேளுங்கள். கூடவே, "பழைய வாடிக்கையாளர் எல்லோரையும் கூப்பிட்டுத் தீபாவளி ஸ்வீட் ஆஃபர் சொல்கிறோம்" என்று சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். அது விளம்பர அழைப்பு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் 2018 விதிமுறைப்படி அதற்குப் பதிவு வேண்டும், 140-ல் தொடங்கும் நம்பரிலிருந்துதான் போக வேண்டும். வருகிற போனை எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குரல் யார் கையில்?

2018 மே மாதம் கூகுள் தன் மாநாட்டில் டூப்ளெக்ஸ் என்ற இயந்திரத்தைக் காட்டியது. அது ஒரு முடிதிருத்தும் நிலையத்துக்குப் போன் போட்டு, நடுவில் "ம்ம்" என்றெல்லாம் சொல்லி நேரம் வாங்கியது. மறுமுனையில் பேசிய பெண்ணுக்கு அது இயந்திரம் என்று தெரியவில்லை. பாராட்டோடு கண்டனமும் வந்தது. இனி இயந்திரம் தான் யார் என்பதைச் சொல்லிக்கொள்ளும் என்று கூகுள் அறிவித்தது. நீங்களும் எடுத்தவுடனேயே சொல்ல வையுங்கள். மனிதர் என்று நினைத்துப் பேசிவிட்டுப் பாதியில் கண்டுபிடித்தவருக்கு வரும் எரிச்சல், முதலிலேயே தெரிந்தவருக்கு வராது.

பேச்சு பதிவாகிறது என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, 18 மாதங்களில் படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி அமைந்திருக்கின்றன. வாடிக்கையாளரின் பெயர், நம்பர், குரல் எல்லாவற்றுக்கும் சட்டத்தின் முன் முதல் பொறுப்பு உங்களுடையது. சேவை தருபவர் உங்களுக்காக வேலை செய்பவர் மட்டுமே. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். சிறு கடைக்கு அவ்வளவு போடுவார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. பதிவுகள் எங்கே இருக்கின்றன, எத்தனை நாளில் அழியும், அவற்றை வைத்து உங்கள் சேவைக்காரர் தன் இயந்திரத்தைப் பழக்குகிறாரா என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் பக்கமே இயந்திரத்தை விடாதீர்கள். கார்டு நம்பர், ஓ.டி.பி. எதையும் அது கேட்கக் கூடாது. அட்வான்ஸ் வாங்க வேண்டுமா, நீங்கள் பேசி முடித்த பிறகு உங்கள் வாட்ஸ்ஆப்பிலிருந்து கியூ.ஆர். அனுப்புங்கள்.

வாங்குவதற்கு முன்

ஒரு வாரம் உங்கள் போனின் அழைப்புப் பட்டியலைப் பாருங்கள். எடுக்காமல் போன புது நம்பர்கள் எத்தனை, எந்த நேரத்தில்? ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுதான் என்றால் இந்தச் சேவையே வேண்டாம். எடுக்காத அழைப்பை வீட்டில் இருக்கும் ஒருவர் போனுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு, கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்தால் முடிந்தது.

நிறைய இருக்கிறது என்றால், ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டச் சொல்பவரை விட்டு, மாதக் கணக்கில் தருபவரிடம் எடுங்கள். இயந்திரத்துக்கான குறிப்பை ஒரே பக்கத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள்: எந்தெந்த ஊருக்குப் போவீர்கள், குறைந்தது எத்தனை இலை, சைவம் மட்டுமா, என்னென்ன கேட்க வேண்டும், எதைச் சொல்லவே கூடாது. தேதி நாட்காட்டியோடு இணைப்பதாக இருந்தால் ‘விசாரணை’ என்று குறிக்கும் உரிமையை மட்டும் கொடுங்கள். உறுதி செய்யும் உரிமை உங்களிடமே இருக்கட்டும். முதல் வாரம் எல்லாப் பதிவுகளையும் கேளுங்கள், ராத்திரி பாத்திரம் எண்ணும்போது போட்டுவிட்டாலும் சரி. எங்கே தடுமாறியதோ அங்கே குறிப்பில் ஒரு வரி சேருங்கள்.

மாதக் கடைசியில் மூன்று எண்களை எடுத்து எழுதுங்கள். இயந்திரக் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டவர்கள் எத்தனை பேர்? நாலு வரிக் குறிப்பு தப்பாக வந்தது எத்தனை? அதன் வழியாக வந்து அட்வான்ஸ் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? பாதிப் பேர் குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டார்கள் என்றால் முதல் வாக்கியத்தை மாற்றி இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம். ஆனால் நீங்கள் சொல்லாத ரேட்டை ஒரே ஒரு முறை அது சொல்லியிருந்தாலும், மறுநாள் வரை காத்திருக்காமல் ஃபார்வர்டிங்கை எடுத்துவிட்டு வேறு சேவையைப் பாருங்கள்.